சர்வர் அறைக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பது எப்படி: 2025-ஐ வைத்து, குமரி மாவட்ட அலுவலகங்களுக்கு

கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்து, அரையாண்டு விடுமுறை விட்டதிலிருந்து பொங்கல் வரை உள்ள நாட்கள்தான் குமரி மாவட்டத்தில் சர்வரை நிறுத்திப் பார்க்கத் தோதானவை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். கோடை இடி தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கும். பள்ளி, கல்லூரிகளில் ஆள் நடமாட்டமும் குறைவு. மருத்துவமனைக்கும் மீன் கம்பெனிக்கும் விடுமுறை கிடையாது. அவர்கள் ஏதாவது ஒரு ஞாயிறு இரவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

10 முதல் 100 கணினி, ஒன்றிரண்டு சர்வர், ஒரு ரேக், ஒரு யூபிஎஸ் என்று இருக்கும் இடங்களுக்கான செய்முறை இது. ஒரு மல்டிமீட்டர், ஒரு காலி ஹார்டு டிஸ்க், ஒரு நோட்டு, இரண்டு ஆள், ஒன்றரை நாள் இருந்தால் போதும். விதி ஒன்றே ஒன்று: "அதெல்லாம் ஓடுது சார்" என்று யாராவது சொன்னதை நோட்டில் ஏற்றக்கூடாது. அளந்து பார்த்ததையும் நிறுத்திப் பார்த்ததையும் திரும்ப எடுத்துப் பார்த்ததையும் மட்டும் ஏற்றுங்கள்.

பட்டியல்

கணினிக்கு ஒரு வரி. பொருள், சீரியல் எண், வாங்கிய மாதம், வாரண்டி முடியும் நாள், இயங்குதளம், அந்த இயங்குதளத்துக்கு ஆதரவு முடியும் நாள், அட்மின் பாஸ்வேர்டு யாரிடம், எந்த அறை. போன வருடப் பட்டியலை எடுத்து டிக் அடிக்காதீர்கள்; அறை அறையாக நடந்து புதிதாக எழுதுங்கள். மேசைக்கு அடியில் கிடக்கும் 8 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச், மாடிப்படிக்கு மேலே மாட்டி மறந்துபோன வைஃபை பெட்டி, கேமரா ரெக்கார்டர், விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின் எல்லாம் அப்படி நடந்தால்தான் கண்ணில் படும். ரெக்கார்டரில் ஓடும் கடிகாரத்தையும் உங்கள் கைபேசி நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் பிந்தி ஓடும் கேமரா, போலீஸ் கேட்கும் நாளில் வம்பு. காரணம் பெரும்பாலும் நேர சர்வர் முகவரியே கொடுக்காதது, அல்லது உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்தது.

கரண்ட், பேட்டரி, எர்த்

இந்த மாவட்டத்தில் சர்வர் சாவதற்கு ஹேக்கரைவிட கரண்ட்தான் முக்கியக் காரணம், அதனால் அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

யூபிஎஸ் திரையில் "பேட்டரி 100%" என்று இருப்பதற்கு அர்த்தமில்லை. அது சார்ஜ் வோல்டேஜைப் பார்த்துச் சொல்லும் கணக்கு. பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்பது சுமை ஏற்றினால்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க சார்ஜில் விடுங்கள். சர்வரை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அதன் இடத்தில் பழைய 100 வாட் குண்டு பல்புகளை மாட்டுங்கள். சர்வரும் சுவிட்சும் சேர்ந்து 400 வாட் இழுக்கும் என்றால் நான்கு பல்பு. பிறகு யூபிஎஸ்ஸுக்குக் கரண்ட் தரும் எம்சிபி சுவிட்சை இறக்கி, நேரத்தைக் குறியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியின் முனையிலும் அளக்க வேண்டும். எல்லாம் 12 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 11-க்குப் போனால் அதுதான் நோயாளி. 10.5-ஐத் தொட்டால் அது முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே நடக்கும் தப்பு, அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது. மூன்று வருடம் ஓடிய பேட்டரிகளோடு புதியது ஒன்றைத் தொடராகப் போட்டால் சார்ஜ் சமமாகப் பிரியாது. ஆறு மாதத்தில் புதியதும் பழையதாகிவிடும். வாங்கி ஒரு வருடத்துக்குள் என்றால் ஒன்றை மாற்றலாம். அதற்கு மேல் ஓடியிருந்தால் மொத்த வரிசையையும் மாற்றுவதே லாபம். எச்சரிக்கை: 16 பேட்டரி வரிசையில் 192 வோல்ட் டிசி ஓடும். அது கையைப் பிடித்தால் விடாது. மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, முழு வரிசையும் தெரிந்த எலக்ட்ரீஷியனோடு செய்யுங்கள்.

சீல் செய்த பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஏசி இல்லாத மாடி அறையில் யூபிஎஸ் வைத்துவிட்டு பேட்டரிக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஏசி ஒன்றுதான் உண்டென்றால் சர்வரைவிட பேட்டரிக்குத்தான் அது அதிகம் தேவை.

அடுத்தது எர்த். மூன்று பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து மூன்று அளவு எடுங்கள்: பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பேஸ்-எர்த் 230-க்கு பதில் 120, 150 என்று காட்டினால் அந்த எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் மேடுகளில் ஈரம் வற்றியதும் எர்த் குழியின் தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் அளந்து திருப்திப்பட்டுவிடாமல், மார்ச் மாதம் மறுபடி எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். சர்வர் அறைக்கு 1 ஓம் அருகே கேட்பது வழக்கம்.

மின்னல் பெரும்பாலும் பேஸ் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் இழுத்த கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் இரண்டு பக்கச் சுவிட்சையும் சேர்த்துக் கொல்லும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். ஃபைபரிலும் ஒரு சங்கதி: வீட்டு இணைப்புக்கு வரும் மெல்லிய டிராப் கேபிளின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிட்டு, கண்ணாடி இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். பல இடங்களில் அந்தக் கம்பியோடே ரேக் வரை இழுத்து வைத்திருப்பார்கள். போர்டில் சர்ஜ் தடுப்பான் இருந்தால் அதன் சின்ன ஜன்னலைப் பாருங்கள். பச்சை சிவப்பாகியிருந்தால் அது ஏற்கெனவே ஒரு இடியை வாங்கிச் செத்துவிட்டது.

உப்புக் காற்று

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் வரிசையில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. வெளியில் இருக்கும் கேமரா, வைஃபை பெட்டிகளின் ஆர்ஜே45 முனையை (நெட்வொர்க் கேபிளின் பிளக்) கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நிறம் மங்கிப் பச்சை பூத்திருக்கும். கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் இணைப்புகளில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் 48 வோல்ட் டிசி நின்றால் மின்பகுப்பு நடந்து உலோகமே கரையும். அந்த முனையைச் சுரண்டித் துடைத்து மறுபடி போடாதீர்கள். வெட்டி எறிந்துவிட்டு, ஜெல் நிரப்பிய முனை போட்டு, கேபிளைப் பெட்டிக்குக் கீழிருந்து, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைத்துவிடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சர்வருக்குள் படிந்த உப்புத் தூசியை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை மதர்போர்டில் அடித்தால் எண்ணெய்ப் படலம் தங்கி, அடுத்த மாதமே இன்னும் அதிகத் தூசி பிடிக்கும். அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ளும்போது, இடுக்குகள் வழியாக வெளிக்காற்றுதான் உள்ளே வரும்.

2025-ல் காலாவதியானவை

அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019, எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் 2016, 2019 எல்லாவற்றுக்கும் அதே நாள்தான் கெடு. கணினி நேற்றுபோல இன்றும் ஓடுவதால் யாருக்கும் பதற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது.

பட்டியலில் உள்ள விண்டோஸ் 10 கணினிகளை மூன்றாகப் பிரியுங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) உள்ளவை விண்டோஸ் 11-க்கு ஏறும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். இரண்டாவது, பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்க்கும் பழைய கணினிகள். ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். மூன்றாவது, டாலி கணக்கு மென்பொருளோ, ஏதாவது ஒரு பழைய பிரிண்டரோ, லேப் கருவியோ கட்டிப்போட்டிருக்கும் கணினி. அதற்கு நிறுவனங்களுக்கான நீட்டிப்பு ஆதரவு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர். ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும், மூன்று வருடம்தான். இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்டுவதைவிட கணினியை மாற்றுவது மேல். லேப் கருவியோடு வந்த கணினியை மாற்றவே முடியாதென்றால் இணையத்தைத் துண்டித்து, தனி விலேனில் (மற்ற கணினிகளிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) போடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிவிட்டது. டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், கடைகளில் விற்கும் குரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய கணினிகளைக் கழிக்கும் முன் அதில் உள்ள ரேமை எடுத்து, வகையை எழுதி, ஆன்டிஸ்டேட்டிக் கவரில் வையுங்கள்.

வரப்போகும் தேதிகளையும் இப்போதே நோட்டில் ஏற்றிவிடுங்கள். தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. இன்னொன்று பலருக்குத் தெரியாது: செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது மென்பொருள் நம்பகமானதா என்று சரிபார்க்கும் வசதி) என்பதற்கான 2011-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. கணினித் தயாரிப்பாளர் பயாஸ் அப்டேட் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஏற்றும் முன் பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும்.

அந்தச் சாவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்றால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, சரிசெய்யும் வழி சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாதவர்கள்தான் நாள்கணக்கில் தவித்தார்கள். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகள், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவினால் கேட்காமலேயே டிஸ்க்கைப் பூட்டிவிடும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். அது வேலையை விட்டுப்போன ஆசிரியரின் சொந்தக் கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கணினியிலும் சாவியை எடுத்து, அச்சடித்து, பீரோவில் வையுங்கள்.

விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு

விஎம்வேர் என்பது ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியதும், ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்ற லைசென்ஸ் நின்றது. 2025 அக்டோபர் 2-ஆம் தேதி பதிப்பு 7-க்கான ஆதரவும் முடிந்தது. ஒற்றை சர்வரில் மூன்று நான்கு விஎம் ஓட்டும் இடத்துக்கு வருடா வருடம் சந்தா கட்டுவதில் நியாயமே இல்லை. அதே வேலையைச் செய்யும் புரோக்ஸ்மாக்ஸுக்கோ ஹைப்பர்-விக்கோ மாறிவிடுவதே புத்திசாலித்தனம்.

புரோக்ஸ்மாக்ஸ் 8.2 முதல் பழைய விஎம்வேர் சர்வரிலிருந்து நேராக விஎம்களை இழுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இழுக்கும் முன் செய்ய வேண்டியதை விட்டால்தான் இரவு முழுக்க உட்கார வேண்டி வரும். பழைய ஸ்னாப்ஷாட்களை (விஎம்மின் அந்தந்த நேர நிலைப் பதிவுகள்) எல்லாம் அழித்து ஒன்றாக்குங்கள். விண்டோஸ் விஎம்மில் விஎம்வேர் டூல்ஸை அங்கேயே நீக்குங்கள். மாற்றிய பிறகு அது நீங்க மறுக்கும். விர்ட்ஐஓ டிரைவரை (புரோக்ஸ்மாக்ஸ் தரும் டிஸ்க், நெட்வொர்க் கார்டுக்கானது) முன்கூட்டியே நிறுவுங்கள். ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் நெட்வொர்க் கார்டு மாறியதும் விண்டோஸ் பழைய கார்டை மறைத்து வைத்துக்கொண்டு "இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லும். முதல் முறை டிஸ்க்கை சாட்டா என்று வைத்து பூட் செய்து, ஒரு சின்ன விர்ட்ஐஓ டிஸ்க்கைக் கூடுதலாகக் காட்டி டிரைவரை ஏற்ற வைத்து, பிறகு பெரிய டிஸ்க்கை மாற்றுங்கள். நேராக மாற்றினால் நீலத் திரைதான். பழைய சர்வரை ஒரு மாதம் அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள்.

பேக்கப்பைத் திரும்ப எடுப்பது

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் ஒன்றில் யூபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் 858 டெராபைட் போனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியில் நகலே வைக்கவில்லை. நம் ஊரில் 2 டெராபைட்டுக்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

திரும்ப எடுத்துப் பார்க்க மூன்று சோதனை. மூன்று மாதத்துக்கு முன் இருந்த ஒரு எக்செல் கோப்பு. டாலியின் ஒரு முழுக் கம்பெனி ஃபோல்டர், வேறொரு கணினியில் திறந்து, டிரையல் பேலன்ஸ் அசலோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு முழு விஎம் அல்லது முழு சர்வர். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். கடைசி எண்தான் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது. "சர்வர் போனால் எத்தனை மணி நேரத்தில் வரும்" என்ற கேள்விக்கு வேறு நேர்மையான பதில் கிடையாது. கணக்குக்கு: யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கில் 1 டெராபைட் திரும்ப வர ஏறக்குறைய மூன்று மணி நேரம். 100 எம்பிபிஎஸ் லைனில் கிளவுடிலிருந்து இறக்க 22 மணி நேரத்துக்கு மேல், அதுவும் லைன் அறுந்து போகாமல் இருந்தால்.

தோற்கும் காரணங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். டாலி திறந்திருக்கும்போதே நகல் எடுத்தது. யூஎஸ்பி டிஸ்க் வருடம் முழுக்கச் செருகியே இருந்ததால், பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர் அதையும் பூட்டியது. நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கும் சர்வருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. ஒன்டிரைவில் ஒத்திசைவாகும் கோப்பை நகல் என்று நம்பியது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு வாரம் மாற்றி வாரம் எடுத்துச் செல்வதே மலிவான வழி. எடுத்துச் செல்லும் இடம் வேறு ஊராக இருக்கட்டும். 2004 சுனாமியில் குளச்சல் பட்டதை மறக்காமல், கடற்கரை அலுவலகத்தின் நகல் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்க வேண்டும்.

லாக் பதிவுகளையும் (யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்ற குறிப்புகள்) இதோடு பாருங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள் லாக் இருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சின்ன ஃபயர்வால்கள் லாகை நினைவகத்தில்தான் வைக்கும், ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். கழித்துப் போட்ட ஒரு கணினியில் லினக்ஸ் ஏற்றி லாகைச் சேகரிக்கும் ஆர்சிஸ்லாக் மென்பொருளை வைத்து அங்கே அனுப்பச் சொன்னால் செலவே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிகளுக்குப் பிள்ளைகளின் தரவு என்பதால் இது நேரடியாகப் பொருந்தும்.

சான்றிதழ்

வெப்சைட்டின் பூட்டுக் குறிக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழ்கள் 2026 மார்ச் 14 வரை அதிகபட்சம் 398 நாள் செல்லும் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடம் ஒருமுறை ஞாபகம் வைத்துப் புதுப்பிப்பது இனி ஓடாது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டும் 2025 ஜூனோடு நினைவூட்டல் மெயிலை நிறுத்திவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அது நடந்ததா என்று தனியாகக் கண்காணிக்க அப்டைம் குமா போன்ற கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை ஓடவிடுங்கள். வெப்சைட்டை எல்லோரும் பார்ப்பார்கள். மெயில் சர்வரும் ஃபயர்வாலின் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி) பக்கமும்தான் விட்டுப்போகும்.

லைன்

ஃபைபர் மோடத்தின் அட்மின் பக்கத்தில், அது வாங்கும் ஒளியின் அளவு dBm என்ற அலகில் இருக்கும். -15 முதல் -25 வரை நலம். -27-ஐ நெருங்கினால் மழை நாளில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். எண்ணை எழுதி வைத்தால், புகார் கொடுக்கும்போது "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதைத் தாண்டிப் பேசலாம்.

இரண்டு கம்பெனி லைன் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் வெளியே வந்து கம்பத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே மின்கம்பத்தில், ஒரே ரப்பர் மரக்கிளைக்கு அடியில் போகும். சாலையில் ஜேசிபி இறங்கினாலும் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். இரண்டாவது 4ஜி அல்லது 5ஜி சிம்மாக இருக்கட்டும். முதல் லைனைக் கையால் பிடுங்கி, மாறுவதற்கு எத்தனை விநாடி ஆகிறது, விபிஎன் தானாக எழுகிறதா, பில் போடும் மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள்.

லைன் நன்றாக இருந்தும் வேலை நின்ற வருடம் 2025. அக்டோபர் 20-ஆம் தேதி அமேசான் கிளவுடின் வர்ஜீனியா பகுதியில் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) தானியங்கி ஒன்று தடுமாறியது. அக்டோபர் 29-ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஃப்ரண்ட் டோர் சேவை தவறான அமைப்பு மாற்றத்தால் விழுந்தது. நவம்பர் 18-ஆம் தேதி பல தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேரில் ஒரு கோப்பு அளவு மீறிப் பெருத்து, உலகம் முழுக்கத் தளங்கள் நின்றன. இதை நாகர்கோவிலில் உட்கார்ந்து தடுக்க முடியாது. செய்யக்கூடியது, கட்டண வசூல், ஓடிபி, நோயாளி பதிவு இவற்றில் எது வெளியாளை நம்பி இருக்கிறது என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் 50 தாள் கொண்ட அச்சடித்த படிவப் புத்தகம் ஒன்று கவுண்டரில் வைப்பது.

பாஸ்வேர்டும் ஆட்களும்

வேலையை விட்டுப்போனவர்களின் பெயரைச் சம்பளப் பட்டியலிலிருந்து வாங்கி, கணக்குகளோடு ஒப்பிடுங்கள். இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. டொமைனும் கூகுள் அட்மினும் எடுத்துக் கொடுத்த பையன் இப்போது துபாயிலோ தோஹாவிலோ இருப்பான். புதுப்பிக்கும் ஓடிபி அவனுடைய பழைய சிம்முக்குப் போகும். ஆள் நல்ல உறவில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குள் புகுந்தவர்கள் ஊழியர்போல நடித்துத்தான் உள்ளே வந்தார்கள். அதனால் போனில் பாஸ்வேர்டு மாற்றித் தரச் சொன்னால், வைத்துவிட்டு, பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்த பிறகே மாற்ற வேண்டும். கேட்பவர் தாளாளராக இருந்தாலும் சரி.

எதை எப்போது

விண்டோஸ், விஎம்வேர் மாற்றங்களை ஜனவரி, பிப்ரவரிக்குள் முடியுங்கள். மார்ச்சில் கணக்கு முடிப்பும் தேர்வும் வந்துவிடும். எர்த், சர்ஜ் தடுப்பான் வேலை மார்ச் முடிவதற்குள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வெளிப்புற முனைகளையும், லைன் மேல் சாய்ந்த கிளைகளையும் பாருங்கள். மின்கம்பத்தை ஒட்டிய கிளையென்றால் மின்வாரிய ஆட்கள்தான் வெட்ட வேண்டும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கேட்டால் நடக்கும். செப்டம்பர் நடுவில் பல்பு சோதனையை மறுபடி செய்யுங்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்துக்கு யூபிஎஸ் போதாது. ஜெனரேட்டர் இருந்தால் அக்டோபருக்குள் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்கிறதா என்று பாருங்கள். சின்ன ஜெனரேட்டர்களில் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகி ஆடும், யூபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். யூபிஎஸ் அமைப்பில் அலைவெண் வரம்பை அகலமாக்கினால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்ய மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.